மெழுகுவர்த்தியும் பழங்கயிறும்

தை பிறக்கும் வேளையில் சென்னையில் புத்தகக் காட்சி கூடுகிறது. அதனையொட்டி, படித்தே ஆக வேண்டிய நூல்கள் என்ற பட்டியல்கள் இதழ்தோறும் வெளிவருகின்றன. நாவலில் ஐந்து, கவிதையில் ஐந்து, வரலாற்றில் இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று என்று பங்கீடு நடக்கிறது. பட்டியல்களோடு நமக்குப் பகையில்லை. எந்த நூலை வாங்குவது என்று தெரியாமல் கடைகளுக்கிடையே திகைத்து நிற்கும் வாசகருக்கு அவை கைகாட்டி மரங்கள்தாம். நமது வழக்கு, அந்த நூல்களைப் பரிந்துரைப்பவர்கள் கூறும் காரணத்தோடுதான். ‘கவித்துவமான நடை’, ‘பக்கந்தோறும் பூத்துக் குலுங்கும் உவமைகள்’, ‘உருவகங்களின் ஊர்வலம்’ என்கிறார்கள். அந்த உவமை என்ன சொல்கிறது, அது சொல்வது மெய்யா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஒரு நூலில் உவமை நிறைய இருக்கிறது என்பது அந்நூலுக்குச் சிறப்பானால், நகைக்கடைப் பொம்மையே நாட்டின் பேரழகி என்று தீர்ப்பளித்துவிடலாம்.

இந்த மயக்கத்திற்கு ஓரளவு காரணம் ‘அணி’ என்ற சொல்லே என்பது நமது எண்ணம். அணி என்றால் நகை. நகை என்றால் கழற்றி வைக்கத் தக்கது. உடம்பு வேறு, நகை வேறு. பள்ளியில் உவமையணி, உருவக அணி, பிறிது மொழிதல் அணி என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நாம் அனைவரும், கருத்து என்பது முதலில் ஆயத்தமாகி நிற்கும், பிறகு அதற்குத் தோடும் மூக்குத்தியும் பூட்ட வேண்டும் என்று நம்பி வளர்ந்தோம். ஆனால் தொல்காப்பியர் உவமையை வைத்த இடத்தைப் பாருங்கள். உவமவியல் பொருளதிகாரத்தில் இருக்கிறது. அணிக்கெனத் தனி அதிகாரம் அவரிடம் இல்லை. வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவித் தண்டியலங்காரம் தோன்றி, முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்துக் கொடுத்த பின்னரே, எழுத்து, சொல், பொருள், யாப்பு என்பனவற்றோடு அணியும் ஐந்தாவதாக நிலைபெற்றது. வீரமாமுனிவரும் தம் தொன்னூல் விளக்கத்தில் இந்த ஐந்து பிரிவுகளையே பின்பற்றினார். வகைப்படுத்தியதில் குற்றமில்லை. வகையைப் பயின்றால் எழுத்து வந்துவிடும் என்று எண்ணியதில்தான் குற்றம்.

தொல்காப்பியர் உவமைக்குக் கூறும் அடிப்படைகள் நான்கே. செயல், பயன், வடிவம், நிறம். இலக்கண மொழியில் வினை, பயன், மெய், உரு. இவற்றுள் வினையை அவர் முதலில் வைத்தது நமக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று எப்படித் தோன்றுகிறது என்பதற்கு முன்னால், அது என்ன செய்கிறது என்று பார்க்கிறார். உவமை எதற்குப் பயன்படும் என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் கொடுக்கும் எடுத்துக்காட்டு எளியது. ஆமாவைக் கண்டறியாத ஒருவனிடம், அது ஆவைப் போன்றது என்று சொல்கிறோம். பின்னொரு நாள் அவன் காட்டுக்குள் போகும்போது எதிர்ப்படும் விலங்கைப் பார்த்து, இதுதான் ஆமா என்று அறிந்துகொள்கிறான். கேட்பவர்க்கு இன்பம் தருவதையும் உவமையின் பயனாக அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அறியச் செய்வது முதற்பயன். நம் காலத்துப் புகழுரைகளில் இரண்டாவது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. காட்டுக்குள் போகிறவன் எதிரே நிற்பது இன்னதென்று அறியாமல் நின்றாலும் பரவாயில்லை, கேட்கும்போது காதுக்கு இனித்தால் போதும் என்றாகிவிட்டது.

இதனால் என்ன கேடு வந்துவிட்டது, நடை சற்று இனிப்பாக இருந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் யாருக்கு என்பதை நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் வெளியிடப்படும் ஆண்டு மலர்களைப் புரட்டியே காட்டலாம். அம்மலர்களில் ஆசிரியரைப் பற்றிய கவிதை இருக்கும். செவிலியரைப் பற்றி ஒன்று, அன்னையைப் பற்றி ஒன்று, துறவறச் சகோதரியைப் பற்றி ஒன்று இருக்கும். நான்கிலும் தவறாமல் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைச் செவிலியர்களுக்கு இதே மெழுகுவர்த்தியைத்தான் ஏற்றிக் கொடுத்தோம்.

இந்த உருவகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். மெழுகுவர்த்தி தானாக எரிவதில்லை. யாரோ ஒருவர் ஏற்றுகிறார். ஏற்றியவர் கவிதையில் இல்லை. மெழுகுவர்த்திக்குப் பசியில்லை, முதுகுவலியில்லை, மாதச் சம்பளம் வேண்டாம். அது ‘போதும்’ என்று சொல்லாது. அது உருகுவது விபத்து அன்று, அதன் இயல்பே அது. எனவே அது அழிவதற்கு யாரும் பொறுப்பில்லை. முழுவதும் உருகித் தீர்ந்தபின் அடுத்ததை எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். சுயநிதிப் பள்ளியில் சொற்ப ஊதியத்துக்கு இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியையிடம், தொடர்ந்து இரவுப் பணி செய்யும் ஒப்பந்தச் செவிலியிடம், நாம் மேடையேற்றி நீட்டுவது இந்த உருவகத்தை. இதைப் பாராட்டு என்று நம்பித்தான் கைதட்டுகிறோம். கைதட்டலுக்குள் ஒளிந்திருக்கும் செய்தியோ, ‘உருகுவது உன் கடமை, கேட்பது உன் குணம் அன்று’ என்பது. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் உருவகம் கொடுத்து அனுப்புகிறோம். உழவரை நாட்டின் முதுகெலும்பு என்பதும் இதே கணக்குதான். முதுகெலும்பு உள்ளே மறைந்திருந்து சுமக்கும், வெளியே வந்து விலை கேட்காது. சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்கிவிட்டு, அவரைத் தெய்வம் என்று பாடுவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் படிக்கும் அஞ்சலிகளில் அந்தப் பிள்ளைகள் ‘கருகிய மொட்டுகள்’. மொட்டு எதனால் கருகும்? வெயிலால் கருகும், பனியால் கருகும். இயற்கை அது, யாரை நோவது? அந்தப் பிள்ளைகளோ வெயிலில் கருகவில்லை. சத்துணவு சமைத்த அடுக்களையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. கூரை கீற்றுக் கூரை. குறுகிய கட்டடத்துக்குள் அளவுக்கு மேல் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு உரிமம் கொடுத்தவர்களும், வந்து பார்த்தும் பாராமல் போனவர்களும் இருந்தார்கள். மொட்டு என்று ஒரு சொல்லைப் போட்டதும் கீற்றும், அடுக்களையும், உரிமமும், கையெழுத்தும் மறைந்துவிடுகின்றன. அழுதவர்கள் உள்ளன்போடுதான் அழுதார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உள்ளன்பு மட்டுமே உவமையை மெய்யாக்கிவிடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்களான குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் எழுதப்பட்ட கவிதைகளிலோ கடலன்னை தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டாளாம்!

சரி, உவமையே வேண்டாம், நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கூறும் கட்சி ஒன்றும் உண்டு. ‘எழுத்து’ இதழ் 1959இல் தொடங்கிய காலம் முதலே அலங்காரத்தின்மீது புதுக்கவிதைக்கு ஓர் ஐயம் இருந்து வந்திருக்கிறது. பின்னால் வானம்பாடிகள் வந்து உருவகங்களை வாரி இறைத்தது வேறு கதை. வெறுமையான வாக்கியமே நவீனம் என்று நம்பும் இளைய எழுத்தாளர்கள் இன்று பலர். அவர்களையும் நாம் ஒப்புவதற்கில்லை. அவர்களுக்கு விடை சொல்லக் குறுந்தொகையும் நற்றிணையும் போதும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை இயற்றியவர் யாரென்று தெரியவில்லை. அப்போது அவர்கள் செய்தது உலக இலக்கியத்திலேயே அரிய செயல் என்று கருதுகிறோம். பாடலில் உள்ள உவமைத் தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். அவரது செம்மண் மழைநீர் இன்று திருமண அழைப்பிதழ்தோறும் ஓடிக் கலங்கிப் போயிருப்பதால் அவரை விட்டுவிடுவோம். ஓரேருழவரைப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க வேண்டும். இருப்பதோ ஒரே ஏர். அந்த உழவனின் பதைப்புத்தான் வீடு திரும்ப விரையும் தலைவனின் நெஞ்சம். இதில் நிலத்தின் அழகு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏர் ஒன்று என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. குப்பைக்கோழியாரின் உவமை இன்னும் துணிவானது. குப்பை மேட்டில் இரண்டு கோழிகள் தாமாகப் போரிடுகின்றன. ஏவி விட்டவரும் இல்லை, விலக்கி விடுவாரும் இல்லை. தீர்ப்பதற்கு ஆளில்லாத காதல் நோயை இதைவிட நெருக்கமாக எவர் சொல்லிவிட முடியும்? இன்றைய பரிந்துரையாளர் இதைக் கண்டால் குப்பையும் கோழியும் கவித்துவம் ஆகுமா என்று முகஞ்சுளிப்பார்.

நற்றிணையில் வரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரை நாம் மெழுகுவர்த்திக்கு எதிரே நிறுத்த விரும்புகிறோம். பொருள் தேடப் போனவன் பாதி வழியில் தவிக்கிறான். வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சம். எடுத்த வேலையை முடிக்காமல் திரும்புவது இழிவு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு முனையிலும் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழைய கயிறு போல அறுந்துபோகுமோ என் உடம்பு என்கிறான். இந்தக் கயிறும் மெழுகுவர்த்தியைப் போலத் தேய்கிறதுதான். ஆனால் இங்கே இழுப்பவை கண்ணுக்குத் தெரிகின்றன. கயிறு புதியதன்று, பல காலம் உழைத்துத் தேய்ந்தது என்பது தெரிகிறது. அறுந்தால் அது விபத்தாகாது, இழுத்ததனால் அறுந்தது என்பதும் தெரிகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே கிழிபடும் அந்த ஆசிரியையிடம் இந்தக் கயிற்றைக் காட்டுங்கள். யார் யார் எந்த முனையில் இழுக்கிறார்கள் என்று அவரே பெயர் சொல்லிச் சொல்வார்.

இந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த சில ஆண்டுகளில் பேசப்பட்ட நூல்கள் சிலவற்றை வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். பரிசு பெற்றவை என்பதற்காகச் சொல்லவில்லை. பரிசு பெற்றதனால் எளிதில் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறோம்.

முதலில் சோ. தருமனின் ‘சூல்’. 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். உருளைக்குடி என்னும் கரிசல் ஊரின் கண்மாயே இதன் நாயகம். தலைப்பு ஒரே சொல்லில் அமைந்த உருவகம். கருவுற்ற பெண்ணுக்கும் சூல், கதிர் பொதிந்த பயிருக்கும் சூல், முட்டை சுமக்கும் மீனுக்கும் சூல், மழை சுமக்கும் மேகத்துக்கும் சூல். இந்தச் சொல்லை ஆசிரியர் எங்கிருந்தும் தேடிக் கொண்டுவந்து ஒட்டவில்லை. ஊரார் நாள்தோறும் புழங்கும் சொல் அது. நிறைந்த கண்மாயைச் சூலி என்று காண்பவர்களுக்கு அதன் கரையை வெட்டுவது எத்தகைய செயல் என்று விளக்க வேண்டியதில்லை. கண்மாய் ஊரார் கையைவிட்டு அரசுத் துறையின் கைக்குப் போனபின் அது அழிவதைப் படிக்கும்போது, நாம் துக்கம் கேட்கப் போன வீட்டில் நிற்பதுபோல் ஆகிறது. நாவலில் கிளைக் கதைகள் மிகுதி. சில இடங்களில் பொறுமை வேண்டும். ஆனால் ஓர் உருவகம் ஒரு நூல் முழுவதையும் எவ்வாறு தாங்கும் என்று கற்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அண்மையில் வரவில்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ இதற்கு நேர்மாறானது. அடுத்த ஆண்டு, அதாவது 2020க்கான பரிசு பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் உடல் முழுதும் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலில், உறவினரின் பேச்சாகவே நடக்கிறது. வருணனைக்கு இங்கே வேலையில்லை. ‘மலர் போன்றவள் கருகினாள்’ என்று ஒரு வரி இமையம் எழுதியிருந்தால் நாவல் அங்கேயே செத்திருக்கும். தலைப்பில் மட்டும் ஓர் உருவகம். பெற்றோரிடம் பணம் இருக்கிறது, அது செல்லவில்லை. பணத்தைப் பற்றிச் சொல்லப்படும் இச்சொல் மெல்ல மெல்லப் பாசத்துக்கும், படிப்புக்கும், மகளுக்குமே ஆகிவருவதை வாசகர் தாமே உணர வேண்டியதுதான். மனவுறுதி இல்லாதவர்கள் இரவில் படிக்க வேண்டாம்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023இல் பரிசு பெற்றது. கொங்கு நாட்டில் குடிநாவிதர் குடும்பங்களின் கதை, காரு மாமாவின் இறப்பைச் சுற்றி விரிகிறது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து வந்தது. அந்தப் பாடலின் முதல் அடியை மட்டும் மேடைகளில் முழங்கிவிட்டு இறங்கிவிடுவது நம் வழக்கம். பாடலின் நடுவே பேராற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு புணை இருப்பதை நாம் நினைப்பதில்லை. தேவிபாரதி அந்த உவமையின் ஒரு பாதியைத் தலைப்பாக்கிப் புணையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். புணை எது என்பதற்கு நாவல் முழுவதும் விடை. பூங்குன்றனாரின் பாடலில் அந்த உவமை, பெரியோரை வியவாமலும் சிறியோரை இகழாமலும் இருக்கும் தெளிவுக்குக் காரணமாக நிற்கிறது. ஊரார் தலையைத் தொட்டு மழித்தும், ஊராரால் ஒதுக்கப்பட்டும் வாழும் குடியின் கதைக்கு அந்தப் பாடலைத் தேர்ந்தது எவ்வளவு கூர்மையான செயல் என்பதைப் பரிந்துரைப் பட்டியல் எதிலும் நாம் படிக்கவில்லை.

வரலாற்று நூல்களிலும் உவமைக்கு வேலை உண்டா என்று கேட்கலாம். அங்கேதான் பொய் உவமைகள் கேள்விமுறையின்றிக் குடியிருக்கின்றன. ‘எரிமலையாய் வெடித்தது நெல்லை’, ‘காட்டுத் தீயாய்ப் பரவியது கிளர்ச்சி’ என்றெல்லாம் 1908 மார்ச் 13ஐப் பற்றி மேடைகளில் கேட்டிருக்கிறோம். எரிமலைக்குக் காரணம் கிடையாது, காட்டுத் தீக்குப் பெயர் கிடையாது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூல், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், வ.உ.சி.யின் கைது, மக்களின் கொதிப்பு, துப்பாக்கிச் சூடு என ஒவ்வொன்றையும் ஆவணங்களைக் கொண்டு நிறுவுகிறது. பெயரறியப்படாத எளிய மக்களையும் தேடி எடுக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு இதற்கு. எரிமலை என்று எழுதிப் பழகிய நம் கட்டுரைப் போட்டி மாணவர்கள் கையில் இதைக் கொடுக்க வேண்டும்.

சிறுவர்களுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. இன்றைய சிறுவன் ஒருவன் கீழடியில் ஆதன் என்னும் பண்டைக்காலச் சிறுவனைச் சந்திக்கிறான். ஆதன் என்ற பெயர் அங்கே கிடைத்த பானையோடுகளில் உண்மையாகவே கீறப்பட்டிருப்பது. பழமையின் பெருமையைத் தொன்மை, செம்மை என்று முழங்காமல் ஒரு பொம்மையின் வழியே சொல்வது உருவகம்தான். பிள்ளைகளுக்கு அதை விளக்காமல் விட்டுவிடுவது நல்லது.

புதியனவற்றின் நடுவே பழைய நூல் ஒன்றையும் சேர்க்கிறோம். நம்மவர் வீடுகளில் அது இன்னும் போதிய அளவு படிக்கப்படவில்லை என்பதே காரணம். பாமாவின் ‘கருக்கு’, 1992இல் வெளிவந்தது. தலித் கிறித்தவப் பெண் ஒருவர் தம் வாழ்வை, கன்னியர் மடத்தில் சேர்ந்து வெளியேறிய காலம் உட்பட, பேச்சுத் தமிழில் எழுதிய நூல். கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் அரம்பம் போலிருக்கும் கூர்மை. தொட்டவர் கையைக் கிழிக்கும். அந்தப் பெயரைச் சூட்டிய கை, கருக்கால் கிழிபட்ட கை. துறவறத்துக்கு நாம் வழக்கமாக ஏற்றும் மெழுகுவர்த்தியை இந்நூலின் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது எதை ஒளிக்கிறது என்பது விளங்கும். அன்பும் சமத்துவமும் மேடைச் சொற்களாக ஒலித்த மடத்துக்குள் சாதி எந்தெந்த வேலையில், எந்தெந்தப் பேச்சில் இருந்தது என்று பாமா காட்டுகிறார். இந்நூலின் நடை கொச்சையானது, உவமை நயம் இல்லாதது என்று முகஞ்சுளிப்பவர்களை இன்றும் சந்திக்கிறோம். குப்பைக்கோழியாரைக் கண்டு முகஞ்சுளிப்பவரும் அவர்களும் ஒருவரே.

இதையெல்லாம் கேட்டபின் நண்பர் ஒருவர், தேம்பாவணியை என்ன செய்வதாக உத்தேசம், அதில் இல்லாத அணியா என்று மடக்கினார். நியாயமான கேள்வி. 1726இல் நிறைவுற்ற அந்தக் காப்பியத்தில் வீரமாமுனிவர், தம் காலத்துப் புலவர்கள் எதிர்பார்த்த அலங்காரங்கள் அனைத்தையும் செய்து காட்டினார். சில பாடல்களில் அணியின் சுமையால் கதை நடக்க மாட்டாமல் நிற்பதும் உண்மை. ஆனால் இத்தாலியிலிருந்து வந்த அவர், யூதேயாவைப் பாட எடுத்துக்கொண்டது தமிழ் நாட்டின் மழை, வயல், மருத நிலம். கேட்பவர்கள் கண்டிராத ஊரை, அவர்கள் கண்ட ஊரைக் காட்டி அறியச் செய்தார். ஆவைக் காட்டி ஆமாவைச் சொன்ன முறைதான் அது. நாமோ மழை பெய்யும் நம் ஊரில் அமர்ந்துகொண்டு, ஆண்டு மலருக்குக் கவிதை எழுதும்போது பனித்துளியையும் ரோஜாவையும் தேடிப் போகிறோம். இவ்வாண்டு மலருக்குப் படைப்புகளைத் திரட்டும் பொறுப்பிலிருக்கும் அன்பர்கள், மெழுகுவர்த்தி வரும் கவிதைகளைத் திருப்பி அனுப்பிப் பார்க்கட்டும். அன்றாடம் தொடும் பொருளொன்றை, அது செய்யும் வேலையோடு எழுதித் தாருங்கள் என்று கேட்கட்டும். முதல் ஆண்டு மலர் மெலிந்து வரக்கூடும்.